காட்டுக்கு எந்தக் கத்தி?

கேள்வி: மகன் தேசிய சேவையை முடித்துவிட்டான். நண்பர்கள் நான்கு பேரோடு ஜொகூர் பக்கமாக எண்டாவ்-ரொம்பின் காட்டுக்கு மூன்று நாள் போகப்போகிறான். நல்ல கத்தி ஒன்று வாங்கிக் கொடுக்க ஆசை. இணையக் கடையில் ‘சர்வைவல் நைஃப்’ என்று 89 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒன்று கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அலகு 20 சென்டிமீட்டர், முதுகில் ரம்பப் பல். குழல் மாதிரியான பிடிக்குள் தீக்குச்சியும் தூண்டில் முள்ளும், மூடியில் திசைகாட்டி. வாங்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: வேண்டாம். இருபத்திரண்டு வயதில் நானும் அப்படி ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு லேடாங் மலைக்குப் போனேன். அடிவாரத்தில் ஒரு மூங்கில் துண்டைப் பிளக்கலாம் என்று கத்தியை அதன்மேல் வைத்து, முதுகில் கட்டையால் தட்டினேன். மூன்றாவது தட்டில் அலகு மூங்கிலோடு நின்றுவிட்டது. வெறும் பிடி என் கையில். உள்ளே இருந்த தீக்குச்சிகள் ஈரத்தில் கூழாகிப் போயிருந்தன. திசைகாட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எஃகுக் கத்தியின் தலையிலேயே அதை ஒட்டி வைத்தால் முள் வடக்கைப் பார்க்குமா, கத்தியைப் பார்க்குமா?

பிடி குழலாக இருந்தால் அலகின் எஃகு அதற்குள் போக முடியாது. ஒரு சிறு குச்சியும் நட்டும்தான் இரண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். நல்ல கத்தியில் அலகின் எஃகு பிடிக்குள்ளும் நீளும். அந்தப் பகுதியை டேங் என்பார்கள். பிடியின் அதே அகலத்தில் கடைசி வரை ஓடினால் முழு டேங். கத்தி ஒடிந்தால் பெரும்பாலும் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் ஒடியும், அதனால் கடைக்காரரிடம் முதலில் இதைக் கேளுங்கள். முதுகில் உள்ள ரம்பப் பல் பார்க்கத்தான் மிரட்டலாக இருக்கும். சில நிமிடம் அறுத்தால் மரத்தூள் அடைத்து நின்றுவிடும். கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்திச் சீவவும் முடியாது.

அளவைப் பொறுத்தவரை அலகு உள்ளங்கை அகலம், அதாவது 10 சென்டிமீட்டர் இருந்தால் போதும். தடிமன் இரண்டரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர். ஐந்து, ஆறு மில்லிமீட்டர் அலகை வைத்து வெங்காயம் நறுக்கிப் பாருங்கள், நறுக்காது, பிளக்கும். பிடியை ஈரக் கையால் பிடித்துப் பார்த்து வாங்க வேண்டும். நம் காட்டில் கை எப்போது காய்ந்திருக்கிறது? முதுகின் விளிம்பு செதுக்கிய கட்டை மாதிரி சதுரமாக இருந்தால் தீப்பொறிக் குச்சியை உரசவும் ஆகும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துகிற மலிவான கத்தி சுவீடனின் மோரா ஊரிலிருந்து வரும் ‘மோரா கம்பேனியன்’. பிளாஸ்டிக் உறையோடு பெரும்பாலும் நாற்பது வெள்ளிக்குள் முடிந்துவிடும். அது முழு டேங் அல்ல, எஃகு பிடியின் கடைசி வரை போகாது. ஆனாலும் சமையல், கயிறு அறுப்பது, முளைக்குச்சி சீவுவது எல்லாவற்றுக்கும் தாங்கும். கட்டையால் தட்டி விறகு பிளக்கும் பழக்கம் மகனுக்கு உண்டென்றால் அதே நிறுவனத்தின் ‘கார்பெர்க்’ முழு டேங், விலை கணிசமாகக் கூடுதல். எனக்கு அந்த வித்தியாசம் தேவைப்பட்டதில்லை.

இன்னொன்று. காணொளிகளில் ஆகா ஓகோ என்று புகழப்படும் கத்திகள் பெரும்பாலும் குளிர்நாட்டு பிர்ச், பைன் காடுகளை மனதில் வைத்துச் செய்தவை. அங்கே உட்கார்ந்து விறகு சீவுவதுதான் வேலை. எண்டாவ்-ரொம்பினில் பிரம்பும் கொடியும் மூங்கிலும். இங்கே வேண்டியது வீசி வெட்டுகிற பராங். ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடக்குறைய நீளம், எடையெல்லாம் முன்பக்கம். புருணையின் தெம்புரோங் காட்டுப் பயிற்சிக்குப் போன பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அதற்காகப் பராங் வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள்! வழிகாட்டியிடம் ஒன்று இருக்கும், அவருக்கு அதை எங்கே வீசுவது என்றும் தெரியும். சின்னக் கத்தியைக்கூடக் கொண்டுவரலாமா என்று பயண ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: மெக்ரிச்சியில் நடக்கும்போது ஒரு காட்டுக் கத்தியைப் பையில் வைத்திருந்தால் தப்பா? மடக்குக் கத்தி என்றால் பரவாயில்லையா? (தோ பாயோ வாசகர்)

பதில்: மடக்குவது, நிமிர்வது அல்ல கணக்கு, எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். சிங்கப்பூரில் பொது இடத்தில் நியாயமான காரணமின்றி ஆயுதம் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. காரணம் என்ன என்று காட்ட வேண்டியவர் நீங்கள். ‘சும்மா இருக்கட்டுமே என்று’ என்பது காரணமாகாது. மலேசியாவிலும் இதே மாதிரி 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆகவே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டினாலும் கதை மாறாது. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தி, இருபுறமும் கூரான குத்துக்கத்தி பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், மெக்ரிச்சியில் கத்தியால் என்ன செய்வீர்கள்? மெக்ரிச்சி, புக்கித் தீமா போன்ற வனக்காப்பகங்களில் செடியை வெட்டினால் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டுமே கூடக் கிடைக்கலாம். குச்சி சீவிப் பழக ஆசையென்றால் வீட்டிலேயே ஒரு மூங்கில் துண்டை எடுத்துச் சாப்பாட்டுக் குச்சி செய்து பாருங்கள். இரண்டும் ஒரே கனத்தில் வருவதற்குள் கத்தியைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

கேள்வி: கார்பன் எஃகுதான் நல்லது என்றார்கள், வாங்கினேன். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் ஆரஞ்சு நிறப் புள்ளிகள். ஏமாற்றிவிட்டார்களா? (ஜூரோங் வாசகர்)

பதில்: ஏமாற்றவில்லை, நம் ஊர்க்காற்று செய்த வேலை. கார்பன் எஃகு சீக்கிரம் கூராகும், துருவும் சீக்கிரம் பிடிக்கும். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். தோல் அந்த ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைத்துக்கொள்கிறது, பதப்படுத்திய உப்பும் அதில் தங்கியிருக்கும். உறை இடுப்புக்குத்தான். வீட்டில் கத்தியைத் தனியாகத் துணியில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மேலோட்டமான துருவை நுண்ணிய எஃகுநாரில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பிறகு வெட்டுப்பலகைக்குப் பூசும் மினரல் ஆயில் இரண்டு சொட்டு. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். வெங்காயம், எலுமிச்சை நறுக்கியபின் வரும் சாம்பல்-நீலக் கறை துரு அல்ல, அதைச் சுரண்டாதீர்கள், ஓரளவுக்குப் பாதுகாப்புதான்.

அடுத்த முறை துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். அந்தப் பெயரை அப்படியே நம்பவும் வேண்டாம், கடல்நீர் பட்டுக் கழுவாமல் விட்டால் அதிலும் புள்ளி விழும். மரப்பிடியிலும் எச்சரிக்கை தேவை. பிரான்சின் ஒபினெல் அழகான மடக்குக் கத்தி, ஆனால் ஒரு மழைநாளில் என்னுடையதன் மரம் ஊதிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது. கையில் பப்பாளியை வைத்துக்கொண்டு நின்றேன்.

கேள்வி: ‘முழு டேங்’ என்று விளம்பரம் செய்த கத்தியை இணையத்தில் 120 வெள்ளிக்கு வாங்கினேன். இரண்டே மாதத்தில் பிடி ஆடுகிறது. விற்றவர் ‘நீங்கள் முரட்டுத்தனமாகப் பயன்படுத்தினீர்கள்’ என்கிறார். (பொங்கோல் வாசகர்)

பதில்: முதலில் ஒரு காந்தத்தை எடுங்கள், குளிர்பெட்டியில் ஒட்டுவதே போதும். அலகிலிருந்து தொடங்கிப் பிடியின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். முழு டேங் என்றால் இழுப்பு கடைசிவரை இருக்கும். உங்களுடையதில் பாதியிலேயே விட்டுவிட்டால், அதைக் கைப்பேசியில் படம் எடுத்து விளம்பரப் பக்கத்தோடு சேர்த்து வையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ரிவிட்டுகளை நம்பாதீர்கள், சில அலங்காரத்துக்கு மட்டும்தான்.

2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள ‘எலுமிச்சைச் சட்டம்’ (லெமன் லா, குறையுள்ள பொருளை விற்றால் பொருந்துவது) உங்கள் பக்கம். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் கத்திப் பயனில்லை.

அதற்கும் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் போங்கள், அல்லது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடுங்கள். உங்கள் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க முடியாது, தேவையும் இல்லை. விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் மட்டும் இந்த வழி அநேகமாக எடுபடாது. அப்போது வாங்கிய தளத்தின் பணம் திருப்பும் கெடு முடிவதற்குள் அங்கேயே புகார் கொடுப்பதுதான் வேகம், அதனால் இன்றே அந்தத் தேதியைப் பாருங்கள். பழைய கத்தியைத் தனியாள் ஒருவரிடம் வாங்கியிருந்தால் எலுமிச்சைச் சட்டம் பொருந்தாது. ஆடும் பிடியை நீங்களே பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், கத்தியை இருக்கிறபடியே வைத்திருங்கள்.