பாத்திக்கு எத்தனை சாக்கு மூடாக்கு?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. மண்ணில் ஈரம் இருக்கும்போதே மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் சருகு, ஓலை போன்றவற்றைப் போட்டுவிட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் உள்ளே காப்பாற்ற ஒன்றும் இருக்காது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அளவு பற்றித்தான்.

10 அடி நீளம், 4 அடி அகலத்தில் கத்தரிப் பாத்தி. எத்தனை சாக்கு சருகு வேண்டும்? (நாகர்கோவில்)

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 40 சதுர அடி. காய்கறிக்கு 3 அங்குல உயரம் வேண்டும், அதாவது கால் அடி. 40-ஐக் காலால் பெருக்கினால் 10 கன அடி. 50 கிலோ சிமென்ட் வந்த காலிச் சாக்கு ஏறக்குறைய 1¼ கன அடி கொள்ளும். ஆக 8 சாக்கு. (சாக்கை நன்றாக அலசிவிட்டு எடுங்கள்.)

இதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த 3 அங்குலம் சருகு அமர்ந்த பிறகு இருக்க வேண்டிய உயரம். மாவிலை, பலா இலை எல்லாம் போடும்போது புசுபுசுவென்று நிற்கும், நாலு தடவை தண்ணீர் விட்டால் பாதியாக இறங்கிவிடும். முதல் வருடம் நான் 8 சாக்கோடு விட்டேன். மூன்றாவது வாரம் செடிகளுக்கு நடுவே மண் தெரிந்தது, களையும் கிளம்பிவிட்டது. அதனால் தளர்வாக நிரப்பிய சாக்கு என்றால் 16 வையுங்கள். காலால் மிதித்து அடைத்த சாக்கு என்றால் 10, 12 போதும். ரப்பர் தோட்டம் பக்கத்தில் இருந்தால் இன்னும் சுலபம். இலையுதிரும் காலம் இதுதான், கேட்டால் வாரிக்கொள்ளச் சொல்வார்கள். எரிப்பதைவிட நம் பாத்திக்கு வருவது எவ்வளவோ மேல்.

பூப்பாத்தி வளைந்து நெளிந்து கிடக்கிறது, எப்படி அளப்பது? (தோவாளை)

நடுவில் கயிறு போட்டு நீளத்தை எடுங்கள். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து சராசரி பாருங்கள். மீதிக் கணக்கு மேலே சொன்னதுதான்.

தென்னைக்குக் கதம்பை (தேங்காயின் நார் மட்டை) போடலாமா? ஒரு மரத்துக்கு எவ்வளவு? (குளச்சல்)

தாராளமாகப் போடலாம். கதம்பைக்குக் கன அடி பார்க்க வேண்டாம், எண்ணிப் போட்டால் போதும். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி ஆரத்தில் வட்டப் பாத்தி. அதற்கு 100 கதம்பை, இல்லையென்றால் 15 காய்ந்த ஓலை, அதுவும் இல்லையென்றால் 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவு (கதம்பையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள்) என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. நார்க்கழிவு என்றால் மரத்துக்கு ஒரு கன மீட்டர் வரும், கிட்டத்தட்ட 29 சிமென்ட் சாக்கு. பத்து மரம் இருந்தால் வண்டிக்கூலியையும் யோசித்துப் பாருங்கள். சொந்த மரத்து ஓலையே பாதி வேலையை முடித்துவிடும்.

கதம்பையின் முதுகு மேலே இருக்கட்டும், அப்போதுதான் ஆவியாகிப் போகும் ஈரம் குறையும். குழி வெட்டிப் புதைப்பதென்றால் நேர்மாறு: தண்ணீர் பிடித்து வைக்கக் குழிந்த பக்கம் மேலே வர வேண்டும். உப்புநீர்க் காயலில் ஊறிய கதம்பையின் கழிவு என்றால், மழையில் நன்றாக நனைந்து உப்பு இறங்கிய பிறகே போடுங்கள்.

மொட்டைமாடியில் 20 செடிப் பை வைத்திருக்கிறேன். எவ்வளவு மூடாக்கு வேண்டும்? (மார்த்தாண்டம்)

பையின் வாய் ஓர் அடி அகலம் என்றால், 2 அங்குல உயரத்துக்குப் பை ஒன்றுக்கு 3¾ லிட்டர் பிடிக்கும். 20 பைக்கு 75 லிட்டர். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஒன்றை ஊறவைத்தால் ஏறக்குறைய அவ்வளவு வரும்.

மரமில்லில் ரப்பர் மரத்தூள் சும்மா தருகிறார்கள். 3 அங்குலம் போடலாமா? (திருவட்டாறு)

வேண்டாம். பச்சைத் தூள் கனமாக விழுந்தால் அடை மாதிரி இறுகி, தண்ணீரை உள்ளே விடாது. மண்ணோடு கலந்துவிட்டால் அது மட்கும்போது பயிருக்கான தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். ஓர் அங்குலம் போதும், அதுவும் மண்ணின் மேலேயே கிடக்கட்டும், கொத்திவிடாதீர்கள். 40 சதுர அடிக்கு 3 சாக்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். மீதியைச் சாணத்தோடு குவித்து வைத்து, நன்றாக மட்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

எதைப் போட்டாலும் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள். ஜூன் மழை தொடங்கியதும் மூடாக்கை இன்னும் கொஞ்சம் விலக்கி விடுங்கள். நம் ஊர் மழைக்குத் தண்டோடு ஒட்டிய ஈரச் சருகு ஒரே வாரத்தில் அழுகலைக் கொண்டுவந்துவிடும்.