பழைய ரயில் பள்ளத்தாக்கின் வரைபடம்: 60 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். மாடல் ரயில் செய்வது பொழுதுபோக்கு. மவுன்ட் யூனியனிலிருந்து தெற்கே ஓடிய ஈஸ்ட் பிராட் டாப் நிலக்கரி ரயிலைச் செய்ய ஆசை. அந்தப் பள்ளத்தாக்கின் பழைய வரைபடம் ஒன்றை 'அசல்' என்று இணையத்தில் 60 டாலருக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 1880கள் முதல் அச்சிட்ட இத்தகைய வரைபடங்களை ஸ்கேன் செய்து, டோப்போவியூ என்ற தளத்தில் இலவசமாகவே தருகிறது. அரசு வெளியீடு என்பதால் பதிப்புரிமைத் தொல்லையும் இல்லை. யார் வேண்டுமானாலும் இறக்கி, அச்சிட்டு, விற்கலாம். பல விற்பனையாளர்கள் செய்வதும் அதுதான். நான்கைந்து தாள்களை ஒட்டுத் தெரியாமல் இணைத்துக் கொடுத்தால் அந்த உழைப்புக்குக் காசு கொடுக்கலாம். ஒற்றைத் தாளுக்கு 60 டாலர் அநியாயம்.

நிஜமாகவே அசல் தாள்தான் என்றால் கதை வேறு. கீழ்ப்பக்க இரண்டு மூலைகளையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிலத்தை அளந்த ஆண்டு, பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். பதிப்பு ஆண்டை மட்டும் பெரிதாகக் காட்டி, பல வருடம் கழித்து வந்த மறு அச்சைத் தள்ளிவிடுவது பழைய தந்திரம். படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

உங்கள் ரயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1956-இல் நிலக்கரிப் போக்குவரத்து நின்றது. ரயில் பாதையை வாங்கியவர் பழைய இரும்பு வியாபாரி என்றாலும் தண்டவாளத்தைப் பெரும்பாலும் பிடுங்கவில்லை (நல்ல மனிதர்!). 1960-இல் ஒரு பகுதியில் சுற்றுலா ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆகவே பிந்தைய வரைபடத்தில் கோடு இருப்பதால் மட்டும் அங்கே வண்டி ஓடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊதா நிறத்தில் இருப்பவை வான்வழிப் படங்களைப் பார்த்துப் பின்னர் சேர்த்த திருத்தங்கள். சுரங்கம் சுறுசுறுப்பாக இருந்த காலம்தான் வேண்டுமென்றால் 1956-க்கு முந்தைய பதிப்புகளைத் தேடுங்கள். அவற்றில் பலவும் 1:62,500 அளவில் இருக்கும் (தாளில் 1 சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 62,500 சென்டிமீட்டர்). மேடுபள்ளம் நுணுக்கமாகத் தெரிய, பின்னால் வந்த 1:24,000 தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அச்சுக் கடையில் 'தாளுக்கு ஏற்றபடி சுருக்கு' என்ற வசதியை அணைக்கச் சொல்லுங்கள். வந்ததும் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: 1:62,500 தாளில் ஒரு மைல் சுமார் 2.6 சென்டிமீட்டர், 1:24,000 தாளில் 6.7. அப்புறம், லேமினேஷன் வேண்டாம். பென்சிலால் குறிக்க முடியாது.