விமானத்தில் பெட்டி தொலைந்தால்: வக்கீலிடம் கேளுங்கள்

தேவகோட்டை: சிங்கப்பூரிலிருந்து திருச்சி வந்தோம், ஒரு பெட்டி வரவில்லை. கவுண்டரில் சொல்லிவிட்டுத்தான் வந்தோம். போதாதா ஐயா?

போதாது. வாயால் சொன்னதற்குச் சாட்சி ஏது? சுங்கத்தைத் தாண்டும் முன்பே பி.ஐ.ஆர். படிவம் (பெட்டி வரவில்லை, உடைந்தது என்று கம்பெனியிடம் பதியும் அறிக்கை) போட்டு, நகலைக் கையில் வாங்க வேண்டும். அதில் ஓர் எண் இருக்கும். விமான நிலையக் குறியீடு மூன்றெழுத்து, கம்பெனி இரண்டெழுத்து, பிறகு ஐந்து இலக்கம்: அந்த எண்தான் பிடி. வாங்கவில்லையென்றால் இன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்; போர்டிங் பாஸ், பேக்கேஜ் டேக் துண்டு இரண்டின் படத்தையும் சேருங்கள்.

கெடுவை மறக்காதீர்கள். பெட்டி உடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகவே கணக்கு. வழக்குக்கு 2 ஆண்டு. பி.ஐ.ஆர். இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். தனியாக ஒரு கடிதம் போடுங்கள்.

பள்ளத்தூர்: கிலோவுக்கு இவ்வளவுதான் என்கிறார்களே?

கிலோக் கணக்கு பழைய வார்சா ஒப்பந்தத்தோடு போயிற்று. வெளிநாட்டு விமானப் பயணத்துக்கான, இந்தியா 2009இல் சேர்ந்த மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் ஆள் கணக்குதான்: 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு) வரை. உள்நாட்டுப் பயணமென்றால் ₹20,000. இரண்டும் உச்சவரம்பு, இழந்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கானாடுகாத்தான்: பெட்டியில் கழுத்திரு இருந்தது. நகைக்குப் பொறுப்பில்லை என்று டிக்கெட்டிலேயே இருக்கிறதாம்.

ஆச்சி, நகையைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. இனியாவது கைப்பையில் வையுங்கள். ஆனாலும் அந்த வாசகத்தோடு கதை முடியவில்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனை செல்லாது என்கிறது ஒப்பந்தத்தின் 26ஆம் பிரிவு.

காரைக்குடி: அப்படியானால் முழு நகை மதிப்பும் கேட்கலாமே?

முடியாது. வரம்பு 1,519தான். செக்-இன் செய்யும்போதே கூடுதல் மதிப்பை அறிவித்து, கேட்டால் அதற்கான கட்டணமும் கட்டியிருந்தால்தான் வரம்பு உயரும்.

பொன்னமராவதி: ஊழியரே திருடியிருந்தால்?

வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் வரம்பு உடையும். சந்தேகம் போதாது, போலீஸ் புகார், பெட்டியின் எடை வேறுபாடு, உடைந்த பூட்டின் படம் வேண்டும்.

காரைக்குடி: 26ஆம் பிரிவு நம் பக்கம் இருக்கும்போது வைத்தவர் மீது குற்றம் சொல்வது நியாயமா?

அதே ஒப்பந்தத்தில் 20ஆம் பிரிவும் இருக்கிறதே! பயணியின் அலட்சியத்துக்கு ஏற்பத் தொகையைக் குறைக்கலாம். எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது அதைத்தான். நகைக்கடை ரசீது, பழைய படங்கள் இருந்தால் தேடி வையுங்கள்; பெட்டிக்குள் இருந்தது என்பதை நிறுவுவதில்தான் பெரும்பாலும் வழக்கு விழுகிறது.

புதுவயல்: பி.ஐ.ஆர். வாங்கவில்லை, இப்போது...

மேலே முதல் பதில்.

கோட்டையூர்: மணகோலத்தையும் ஊறுகாயையும் சுங்கத்தில் பிடுங்கிவிட்டார்கள்.

சுங்கத்துறையிடம் கேளுங்கள். கம்பெனி பொறுப்பில்லை.

குன்றக்குடி: கொழும்பில் விமானம் மாறினோம். எந்தக் கம்பெனியைப் பிடிப்பது? சென்னைக்கு அலைய வேண்டுமா?

முதலில் ஏற்றியவர், கடைசியில் இறக்கியவர், தொலைத்தவர்: யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். தெரியாவிட்டால் முதலாமவரையும் கடைசியானவரையும் சேர்த்தே போடுங்கள். போகும் ஊர், அல்லது போய்த் திரும்பும் டிக்கெட்டில் திரும்பும் ஊர், இந்தியாவில் இருந்தால் இங்கேயே வழக்குப் போடலாம். குடியிருக்கும் மாவட்டத்தில் போட நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது, உங்களுக்குச் சிவகங்கை. டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தின் நகலும் அதற்கு வந்த பதிலும் மனுவோடு இருக்கட்டும்.