கேள்வி–பதில்: மூன்று சர்வர், ஒரே ஷேர்

கேள்வி: அலுவலக ஃபைல் சர்வர் படுத்தாலும் வேலை நிற்கக்கூடாது என்று மூன்று லினக்ஸ் மெஷின்களில் செஃப்எஃப்எஸ் (செஃப் என்ற பகிர்ந்த சேமிப்பின் ஃபைல் சிஸ்டம்) மவுண்ட் செய்து, மூன்றிலும் சாம்பா (விண்டோஸுக்கு ஷேர் கொடுக்கும் மென்பொருள்) ஓட்டுகிறோம். எந்த மெஷின் வழியாகப் போனாலும் ஃபைல்கள் தெரிகின்றன. பிறகு சாம்பா சர்வர்களை ஒரே கிளஸ்டராக இணைக்கும் சிடிடிபி எதற்கு?

பதில்: ஃபைலில் என்ன இருக்கிறது என்பதைத்தான் செஃப் பார்த்துக்கொள்கிறது. 'இந்த எக்செல் ஃபைலை நான் திறந்திருக்கிறேன், மற்றவர் எழுத வேண்டாம்' என்று விண்டோஸ் சொல்லும் ஷேர் மோடு, லீஸ் (ஃபைலைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள விண்டோஸ் பெறும் அனுமதி) போன்றவற்றை சாம்பாதான் குறித்து வைக்கிறது. குறிக்கும் இடம், லாக்கிங் டிடிபி, பிஆர்லாக் டிடிபி என்ற சின்னஞ்சிறு டேட்டாபேஸ்கள். அவை அந்தந்த மெஷினுக்கு மட்டும் உரியவை. பக்கத்து மெஷினின் சாம்பாவுக்கு அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எனவே ஒருவர் முதல் சர்வர் வழியாகவும் மற்றவர் இரண்டாவது வழியாகவும் ஒரே ஃபைலைத் திறந்தால் எச்சரிக்கை ஏதும் வராது. இருவரும் சேமிப்பார்கள், கடைசியாகச் சேமித்தவருடையது மட்டும் மிஞ்சும். நீங்கள் இப்போது ஓட்டும் அமைப்பில் இது எந்த நிமிடமும் நடக்கலாம். அந்தக் குறிப்புகளை எல்லா மெஷினுக்கும் பொதுவாக்குவதுதான் சிடிடிபி. அதைப் போடும்வரை ஒரே ஒரு மெஷின் வழியாக மட்டும் ஷேரைத் திறந்து விடுங்கள்.

கேள்வி: அந்த டிடிபி ஃபைல்களையே செஃப்பில் வைத்துவிட்டால் பொதுவாகிவிடாதா?

பதில்: மெமரியில் மேப் செய்து, மைக்ரோ வினாடிக் கணக்கில் லாக் (பூட்டு) எடுத்து விடுவதற்கென்று எழுதப்பட்டது டிடிபி. ஒவ்வொரு லாக்குக்கும் நெட்வொர்க்கைக் கடக்க வேண்டும் என்றால் ஷேர் நகராது. 2007 வாக்கில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், ரானி சால்பெர்க் ஆகியோர் சிடிடிபியை உருவாக்கியபோது ஒரு தைரியமான முடிவு எடுத்தார்கள்: லாக் விவரங்களைத் தொலைய விடலாம்.

கேட்கப் பதறும். யோசித்தால் சரி. ஒரு நோடு (கிளஸ்டரில் உள்ள மெஷின்) செத்தால் அதனுடன் இணைந்திருந்தவர்களின் கனெக்‌ஷனும் செத்தது. அவர்கள் திறந்து வைத்த ஃபைல்களின் கணக்கை யாருக்காகக் காப்பாற்ற வேண்டும்? ஆகவே இந்த டேட்டாபேஸ்கள் எல்லா நோடுக்கும் நகலெடுக்கப்படுவதில்லை. ஒரு ரெக்கார்டின் கடைசிப் பிரதி எந்த நோடிடம் இருக்கிறதோ அது டிமாஸ்டர். டிமாஸ்டர் யார் என்று சொல்லும் பொறுப்பு, ரெக்கார்டின் கீயை எண்ணாகச் சுருக்கிய ஹாஷை வைத்துத் தேர்வாகும் எல்மாஸ்டருக்கு. ரெக்கார்டு ஏற்கெனவே தன்னிடம் இருந்தால் நெட்வொர்க் பக்கமே போகாமல் வேலை முடியும்; வேகத்தின் காரணம் இதுதான். டொமைன் (அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) பாஸ்வேர்டு இருக்கும் சீக்ரெட்ஸ் டிடிபி, ரெஜிஸ்ட்ரி போன்றவை மட்டும் தொலையக்கூடாதவை. அவை எல்லா நோடிலும் முழு நகலாக, டிரான்ஸாக்‌ஷனோடு எழுதப்படும். சிடிடிபியின் டேட்டாபேஸ் டைரக்டரி ஒவ்வொரு மெஷினின் சொந்த டிஸ்க்கில்தான் இருக்க வேண்டும், செஃப்பில் வைக்காதீர்கள்.

கேள்வி: எந்த வரிசையில் நிறுவ வேண்டும்?

பதில்: முதலில் பிங்பாங். சாம்பாவுடன் வரும் இந்தச் சின்ன புரோகிராம், ஃபைல் சிஸ்டத்தின் லாக் நிஜமாகவே எல்லா நோடுக்கும் பொதுவா என்று காட்டும். செஃப்பில் உள்ள ஒரு ஃபைலின் பெயரையும், நோடுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய எண்ணையும் கொடுக்க வேண்டும், உங்களுக்கு 4. ஒரு நோடில் ஓடும்போது வினாடிக்கு இத்தனை லாக் என்று பெரிய எண் வரும். இரண்டாவது நோடிலும் தொடங்கியதும் அது சடாரென்று விழ வேண்டும். விழாவிட்டால் 'ஆஹா, என்ன வேகம்' என்று மகிழாதீர்கள்: லாக் பகிரப்படவில்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்தி மவுண்ட்டைச் சரிசெய்யுங்கள்.

அடுத்து, நோடுகளின் பட்டியலான நோட்ஸ் ஃபைல். மூன்று மெஷின்களின் பிரைவேட் ஐபி, வரிக்கு ஒன்று, எல்லா மெஷினிலும் அதே வரிசையில். வரியின் இடம்தான் நோடின் எண் என்பதால், பின்னாளில் ஒரு நோடை நீக்கினால் வரியை அழிக்காமல் முன்னால் ஹாஷ் குறி போடுங்கள். சிடிடிபி பேசும் டிசிபி போர்ட் 4379. அந்தப் பேச்சில் என்கிரிப்ஷன் கிடையாது, எனவே தனி விஎல்ஏஎன் (தனித்துப் பிரித்த நெட்வொர்க்) தேவை.

பயனர்கள் வந்து சேரும் ஐபிகளை பப்ளிக் அட்ரசஸ் ஃபைலில் எழுதுங்கள். அவற்றைச் சிஸ்டத்தின் நெட்வொர்க் செட்டிங்கில் போடக்கூடாது, சிடிடிபிதான் ஏற்றி இறக்கும். 10.இன்டர்ஃபேஸ் என்ற ஈவன்ட் ஸ்கிரிப்டை (ஏதாவது நிகழும்போது சிடிடிபி தானே ஓட்டும் ஸ்கிரிப்ட்) எனேபிள் செய்து, சாம்பா இல்லாமலே ஒரு நோடை நிறுத்தி ஐபி அடுத்த நோடுக்குத் தாவுகிறதா என்று பாருங்கள். தாவிய பிறகு எல்லா நோடின் சாம்பா கான்ஃபிக்கிலும் 'கிளஸ்டரிங் = யெஸ்', பிறகு 50.சாம்பா ஸ்கிரிப்ட். சாம்பாவைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சிடிடிபியின் வேலை; லினக்ஸின் சர்வீஸ்களைத் தொடங்கும் சிஸ்டம்டி, பூட்டிலேயே அதைத் தொடங்கிவிடாதபடி டிசேபிள் செய்ய மறந்தால் இரண்டும் மல்லுக்கு நிற்கும். டொமைனில் சேர்ப்பது ஏதாவது ஒரு நோடில் ஒரே ஒருமுறை.

கேள்வி: சிடிடிபி ஸ்டேட்டஸ் எல்லா நோடும் ஓகே என்கிறது. இருந்தும் இருவர் ஒரே எக்செல்லைத் திறக்க முடிகிறது.

பதில்: அதே ஃபைலின் மேல் ஒவ்வொரு நோடிலும் ஸ்டாட் கமாண்ட் ஓட்டுங்கள். ஐநோடு எண் (ஃபைல் சிஸ்டத்துக்குள் ஃபைலின் அடையாள எண்) எங்கும் ஒன்றாக இருக்கும். டிவைஸ் எண் (எந்த ஃபைல் சிஸ்டம் என்று காட்டும் எண்) நோடுக்கு நோடு மாறினால் குற்றவாளி அதுதான். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் லாக் ரெக்கார்டின் கீ உருவாகிறது. டிவைஸ் எண் மாறினால், ஒரே ஃபைல் சிடிடிபியின் கண்ணுக்கு வேறு வேறு ஃபைல். ஷேரில் ஃபைல்ஐடி என்ற விஎஃப்எஸ் மாட்யூலை (சாம்பாவில் கூடுதலாக இணைக்கும் பகுதி) சேர்த்து, அதன் அல்காரிதத்தை 'எஃப்எஸ்நேம்' என்று வையுங்கள். டிவைஸ் எண்ணுக்குப் பதில் மவுண்ட்டின் பெயர் பயன்படும். அதனால் மவுண்ட் வரி மூன்று நோடிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அந்த வரியில் செஃப் மானிட்டர் (செஃப்பின் நிலையைக் கவனிக்கும் சர்வர்) ஐபிகளின் வரிசை மாறியிருந்தாலும் பழைய கதைதான். பயனர்கள் யாரும் இணைந்திராத நேரத்தில், எல்லா நோடிலும் ஒன்றாக மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு நோடின் பவர் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தோம். ஷேர் அரை நிமிடம் உறைந்தது. கோளாறா?

பதில்: இல்லை. கீப்அலைவ் ('உயிரோடு இருக்கிறேன்' என்ற செய்தி) 5 வினாடிக்கு ஒன்று, பொறுக்கும் அளவு 5. பொறுக்கும் அளவோடு ஒன்று கூட்டி 5 ஆல் பெருக்கினால், கணக்குப்படி 30 வினாடி வரை ஆகும். ஐபி தாவியதும் புதிய நோடு டிக்கிள் ஆக் (கிளையன்ட்டைச் சீண்டிப் பதில் சொல்ல வைக்கும் சிறு டிசிபி செய்தி) அனுப்பி, பழைய கனெக்‌ஷன் செத்ததை கிளையன்ட்டுக்கு உணர்த்தி, சீக்கிரம் திரும்ப இணைய வைக்கும். ஆனால் திறந்திருந்த ஃபைல்கள் திறந்தபடியே தொடரும் என்று நம்பாதீர்கள். பராமரிப்புக்காக நிறுத்துவதாக இருந்தால் முதலில் 'சிடிடிபி டிசேபிள்' கொடுத்து ஐபிகளை நகர்த்துங்கள், காத்திருப்பு இருக்காது.

ரெகவரியை (செத்த நோடை விட்டுக் கிளஸ்டரை மீட்பது) யார் நடத்துவது என்று தீர்மானிக்கும் கிளஸ்டர் லாக் என்ற, 4.16க்கு முந்தைய சாம்பாவில் ரெகவரி லாக் எனப்பட்ட ஃபைலை செஃப்எஃப்எஸ்ஸில் வைத்திருந்தால் கவனம். செத்த நோடு பிடித்திருந்த லாக்கை செஃப் உடனே விடுவிக்காது. பதில் சொல்லாத கிளையன்ட்டை எம்டிஎஸ் (செஃப்எஃப்எஸ்ஸின் மெட்டாடேட்டா சர்வர்) வெளியேற்றும் நேரமான எம்டிஎஸ் செஷன் ஆட்டோகுளோஸின் இயல்பு மதிப்பு 300 வினாடி. அதுவரை மற்ற நோடுகளால் ரெகவரியை முடிக்க முடியாமல் போகலாம், நல்ல நோடுகூட பேன் ஆகலாம் (கிளஸ்டரிலிருந்து தற்காலிகமாக விலக்கப்படலாம்). ஃபைலுக்குப் பதில் செஃப்பின் அடித்தளச் சேமிப்பான ராடோஸிலேயே லாக் எடுக்கும், சாம்பாவுடன் வரும் ராடோஸ் ம்யூடெக்ஸ் ஹெல்பரைக் கிளஸ்டர் லாக்காகக் கொடுத்து, மறுபடி கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.