யார் காசில் நடந்த ஆராய்ச்சி?

கேள்வி: முதுகெலும்பு அறுவை ஆராய்ச்சிக்குக் கருவி செய்யும் கம்பெனி பணம் தந்தால் என்ன தப்பு? வேறு யார் தருவார்கள்? கட்டுரையின் அடியில்தான் அதைப் போட்டுவிடுகிறார்களே, போதாதா? எல்லா டாக்டரையும் சந்தேகப்பட்டால் அம்மாவை நான் யாரிடம் காட்டுவது?
- வாசகர், ஈசூன்

பதில்: போதாது. பணம் தருவதே தப்பு என்று சொல்லவில்லை. பணம் வாங்கினவரே பாதிப்புகளையும் எண்ணிச் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். முள்ளெலும்புகளை ஒட்டவைக்கும் அறுவையில் நோயாளியின் இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து வைப்பது பழைய முறை. அதற்குப் பதிலாக மெட்ரானிக் கம்பெனி கொண்டுவந்ததுதான் 'இன்ஃப்யூஸ்', எலும்பை வளரவைக்கும் புரதம்; 2002இல் அனுமதி கிடைத்தது. கம்பெனி ஆதரவில் வந்த 13 ஆய்வுகளில் 780 பேருக்கு அதைக் கொடுத்தார்கள், அதனால் ஒருவருக்குக்கூடப் பாதிப்பில்லை என்று எழுதினார்கள். ஒருவருக்குக்கூட! 2011இல், 'ஸ்பைன் ஜர்னல்' என்ற மருத்துவ இதழின் அப்போதைய ஆசிரியரான ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர் யூஜின் கரஜியும் அவர் குழுவும் எல்லாவற்றையும் திரும்ப அலசியபோது, அறுவையின் வகையைப் பொறுத்து 10 முதல் 50 விழுக்காடு வரை பாதிப்பு இருக்கலாம் என்று தெரிந்தது. வேண்டாத இடத்தில் எலும்பு வளர்வது, கழுத்து வீக்கம், ஆண்களுக்கு மலட்டுத்தன்மை, இப்படி.

அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் நிதிக் குழு அறிக்கை வந்தது. கட்டுரை எழுதிய மருத்துவர்களுக்கு 1996 முதல் 2010 வரை ராயல்டி, ஆலோசனைக் கட்டணம் என்று கம்பெனி கொடுத்தது சுமார் 210 மில்லியன் டாலர். அதைவிட என்னை உலுக்கியது வேறு: ஒரு கட்டுரையின் வரைவைப் பார்த்த கம்பெனி ஊழியர், பாதிப்புகளின் முழுப் பட்டியலைப் போட வேண்டாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். பழைய முறையில் இடுப்பில் வரும் வலியைப் பெரிதாகக் காட்டும் வரிகளும் கம்பெனி பக்கமிருந்தே போயிருக்கின்றன. முறைகேடாகத் தலையிடவில்லை என்று மெட்ரானிக் மறுத்தது. ஆனால் 2011இலேயே, தன் தரவுகளை வெளியார் ஆராய யேல் பல்கலைக்கழகத்திடம் கொடுக்க முன்வந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 2013இல் இரண்டு தனிக் குழுக்கள் அந்தத் தரவுகளைப் பார்த்துச் சொன்னது, பழைய முறையைவிடப் பெரிய நன்மை எதுவும் இல்லை என்று.

நீங்கள் சொல்லும் அந்த அடிவரி பணம் தந்தவர் பெயரைச் சொல்லும். எவ்வளவு, யார் கை வைத்து எழுதியது என்பதை அது எங்கே சொல்கிறது?

அம்மா விஷயத்துக்கு வருவோம். டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நம்மவர்கள் பாதிப் பேர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். தயவுசெய்து கேளுங்கள். அறுவை இல்லாமல் இயன்மருத்துவத்தில் சரியாகுமா? இந்தக் கருவிதான் வேண்டுமா, விலை குறைந்தது இருக்கிறதா? இதைச் செய்யும் கம்பெனியிடமிருந்து உங்களுக்கு ஏதாவது வருகிறதா? கடைசிக் கேள்வி மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், பண நலன் இருந்தால் டாக்டர் சொல்ல வேண்டும் என்பது சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் 2016 நெறிமுறையிலேயே இருக்கிறது. நல்ல டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்வார். முகம் சுளித்தால் ஸ்கேன் படங்களை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.