மரைன்ஸ் வேணாம்னு விட்ட பெல்ட் எல்எம்ஜியை நம்ம ராணுவம் ஏன் வாங்கிச்சு?

அமெரிக்க மரைன்ஸே சின்னக் காலாட்படைக் குழுவான செக்‌ஷன்ல எம்249 பெல்ட் எல்எம்ஜியை (எல்எம்ஜின்னா லைட் மெஷின் கன், பெல்ட்னா தோட்டா கோத்த நீளப் பட்டை) விட்டுட்டு மேகஸின் மாட்டற எம்27 ரைபிளுக்குப் போயிட்டாங்க, நாம எதுக்கு 2020-ல 880 கோடிக்கு 16,479 நெகெவ் (இஸ்ரேலோட பெல்ட் எல்எம்ஜி) ஆர்டர் போட்டு காசை வீணாக்கினோம்னு கேட்டிருக்கீங்க. அந்த 'வீணாக்கினோம்'தான் சுருக்குன்னு குத்துச்சு. நீங்க வீடியோ பாத்துட்டுக் கேக்கறீங்கன்னு நினைக்கிறேன், தப்பில்ல. நான் 1994-ல காலாட்படையில சேர்ந்தவன், நாலு வருஷம் எல்எம்ஜி நம்பர் ஒன், அதாவது அதைச் சுடறவன்.

முதல்ல கையில கெடச்சது 7.62 (தோட்டா விட்டம், மில்லிமீட்டர்ல) 1பி, அதாவது பழைய பிரென் எல்எம்ஜி. மேகஸின் (தோட்டாப் பெட்டி) மேல இருக்கும், இடது பக்கம் படுத்திருக்கற உதவியாள் நம்பர் டூ காலியானதைப் பிடுங்கிப் புதுசை மாட்டிருவான், நான் கண்ணைக் குறியிலிருந்து எடுக்கவே வேணாம். பேரல் (குழல்) சூடானா கைப்பிடியைப் பிடிச்சுக் கழட்டி மாத்திக்கலாம். ஆனா மேகஸின்ல 30 ரவுண்டுதான். ஒரு ஃபீல்டு ஃபயரிங்ல நான் கவர் குடுக்க பசங்க மேட்டுல ஏறி ஓடறாங்க, மேகஸின் மாத்தற அந்த ரெண்டு மூணு செகண்டு கன் சத்தம் நின்னுச்சு பாருங்க, ஓடிட்டிருந்த ஏழு பேரும் யாரும் சொல்லாமலே பொத்துன்னு படுத்துட்டாங்க. அந்த சத்தத்தை நம்பித்தான் அவங்க ஓடறாங்க. பெல்ட் நீளமானது, சீக்கிரம் காலியாகாது; அது எதுக்குன்னா இதுக்குத்தான்.

அப்புறம் வந்த இன்சாஸ் (நம்ம நாட்டுத் தயாரிப்பு, ரைபிளும் உண்டு) எல்எம்ஜி 5.56, எடை கம்மி, ஆனா அதுலயும் மேகஸின்தான், பேரலும் மாத்த முடியாது. உடனே இன்சாஸைத் திட்டறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, ரைபிளா அதை நான் குறை சொல்லல.

மரைன்ஸ் கணக்கு வேற. நிறைய சுடறதை விடக் குறி பாத்து சுட்டாலே எதிரி தலையைத் தூக்க மாட்டான்ங்கறது அவங்க வாதம், எம்249-ஐயும் மொத்தமா தூக்கிப் போடல, மேல இருக்கற பெரிய படைப்பிரிவான கம்பெனி கையில வெச்சுக்கிட்டாங்க. பிரிட்டிஷ்காரங்களும் செக்‌ஷன்லேர்ந்து மினிமியை (எம்249-ஓட மூல மாடல்) எடுத்தாங்க, அதைவிடப் பெரிய பெல்ட் மெஷின் கன்னான 7.62 ஜிபிஎம்ஜியை விடல. மலையில ஒரு ரிட்ஜ்லேர்ந்து (முகடு) எதிர் ரிட்ஜுக்கு 700, 800 மீட்டர் சுடணும்னா 5.56 திணறும், அதனாலதான் நம்மாளுங்க 7.62 நெகெவ் கேட்டாங்க.

இதெல்லாம் தெரிஞ்சவன்தான், பென்ஷன் வந்ததும் ஒரு தனியார் கம்பெனி இன்டர்வியூல "துப்பாக்கி சுடறதைத் தவிர என்ன தெரியும்"னு கேட்டாங்க. பத்து பேர் செக்‌ஷனை அடிபடாம நகர்த்தறது வேலையாவே தெரியல அவங்களுக்கு. இன்னும் ஆறல.

எடையைச் சொல்லி நெகெவை எதிர்த்தீங்கன்னா ஒத்துக்கறேன். கன்னே ஏழரை கிலோவுக்கு மேல, நூறு ரவுண்டு பெல்ட் கிட்டத்தட்ட மூணு கிலோ, அதுவும் நம்பர் டூ முதுகுலதான் ஏறும்.