அரை மணித்தியாலப் பயிற்சி போதாதென்று வைத்தியசாலையில் துண்டு வெட்டி அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் இயங்காமல், பேச்சும் தடைப்பட்டு, திருகோணமலையில் வைத்தியசாலை விடுதியில் இரண்டாவது வாரமாக இருக்கிறார். இயன்மருத்துவர் நாளுக்கு அரை மணித்தியாலம்தான் பயிற்சி கொடுக்கிறார். மிச்ச நேரம் தாதியர் அவரைப் பிரட்டிப் படுக்கவைப்பதும் கதிரையில் இருத்துவதும்தான் நடக்கிறது. நாங்கள் கொண்டுபோகும் சோற்றைக்கூடக் கொடுக்க விடுகிறார்களில்லை. வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி, முழுநாளும் பயிற்சி கொடுத்து, ஒரே மாதத்தில் நடக்கவைப்பதாக ஒருவர் சொல்கிறார். கையெழுத்து வைத்துத் துண்டு வெட்டிக் கொண்டுபோகலாமா, சிஸ்டர்?
(வாசகி, நிலாவெளி)

பதில்: வேண்டாம் மகள். விடுதி வைத்தியர் போகலாம் என்று சொல்லும்வரை அப்பா அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் மிச்ச நேரம் என்று எழுதியிருக்கிறீர்களே, சிகிச்சையின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. இயன்மருத்துவர் அரை மணித்தியாலத்தில் காட்டிக்கொடுக்கும் அசைவை, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறும்போதும் முகம் கழுவும்போதும் உடுப்பு மாற்றும்போதும் திரும்பத் திரும்பச் செய்வித்து உடம்பில் படியவைப்பவர் தாதி. அனுபவமுள்ள ஒருவர் உங்கள் அப்பாவுக்குச் சட்டை மாற்றும் நேரத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள். இயங்காத வலக்கையை முதலில் சட்டைக்குள் நுழைக்கச் சொல்வார். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கச் சொல்வார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு பொத்தானோடு அப்பா படும் பாட்டைப் பார்க்க உங்களுக்கு நெஞ்சு பொறுக்காது, ஓடிப்போய்ப் பூட்டிவிடுவீர்கள். அதோடு அன்றைய பயிற்சியும் முடிந்துவிடும். எந்த இடத்தில் கைகொடுப்பது, எந்த இடத்தில் விட்டுப்பார்ப்பது என்பதைப் பல வருடம் நோயாளிகளோடு நின்றவரே அறிவார். அப்படி நின்ற தாதியரைப் பற்றி, வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று முறைப்பாடு எழுதிய குடும்பங்களும் உண்டு.

சோற்று விடயத்தில் கோபப்படாதீர்கள். பாரிசவாதம் கைகாலை மட்டுமல்லாமல் தொண்டையையும் தாக்கலாம். அப்போது உணவும் தண்ணீரும் சுவாசப்பைக்குள் இறங்கி நியூமோனியாவை உண்டாக்கும். சிலருக்கு இருமல்கூட வராமலே இறங்கிவிடும். அதனால் நோயாளியை நிமிர்த்தி இருத்தி, தேக்கரண்டியால் சிறிது தண்ணீர் கொடுத்து, தொண்டை மேலெழுந்து இறங்குகிறதா, விழுங்கிய பின் குரல் நீர் கோத்தாற்போல் மாறுகிறதா என்று பார்த்த பிறகுதான் என்ன கொடுக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். அவருக்குக் கூழ்ப் பதம்தான் என்று சொல்லியிருந்தால், நீங்கள் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் சோறும் மீன்குழம்பும் உதவியாகாது. சாப்பிட்ட பின்னும் அரை மணித்தியாலமாவது அவர் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

பிரட்டிப் படுக்கவைப்பது படுக்கைப்புண் வராமல் இருக்க. கைக்குக் கீழே தலையணை வைப்பது தோள்மூட்டு நழுவாமல் இருக்க. அந்தக் கையைப் பிடித்து இழுத்தோ கமக்கட்டில் கை கொடுத்தோ அவரைத் தூக்காதீர்கள்.

இது தாதியர் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ளும் கதையல்ல. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 பாரிசவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வொன்று 2011இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியானது. முதல் மூன்று நாட்களில் காய்ச்சல், இரத்தச் சீனி, விழுங்கல் ஆகிய மூன்றையும் தாதியர் ஒழுங்குமுறையோடு கவனித்த பிரிவுகளில், 90 நாட்களின் பின் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்ந்தவர்களுமாக 42 சதவீதத்தினர் இருந்தனர். மற்றப் பிரிவுகளில் 58 சதவீதத்தினர். புது மருந்தோ இயந்திரமோ அங்கே பயன்படுத்தப்படவில்லை.

இனி, அந்த ஒருவரைப் பற்றி. இப்படிப்பட்டவர்கள் பார்வை நேரத்தில் விடுதி வாசலில் நிற்பார்கள், அல்லது தெரிந்த ஓட்டோக்காரர் மூலம் வருவார்கள். ஒரு மாதத்தில் நடக்கவைப்பேன் என்று எந்த வைத்தியரும் வாக்குக் கொடுப்பதில்லை. கொடுப்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள். முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாகவே ஓரளவு முன்னேற்றம் வரும். அந்தப் பெயரை எண்ணெய்க்காரர் எடுத்துக்கொள்வார். வராவிட்டால் நீங்கள் பிந்திக் கூட்டிவந்தீர்கள் என்பார். இதைவிட ஆபத்தானது, பிரஷர் குளிசையையும் இரத்தம் உறையாமல் தரும் குளிசையையும் நிறுத்தச் சொல்வது. அதைக் கேட்டால் இரண்டாவது தாக்கம் வரலாம். கன்னியா வெந்நீரூற்றில் குளிப்பாட்டுவதும் சிலருடைய வைத்தியத்தில் சேர்ந்திருக்கிறது. கன்னியாவின் பெருமை அப்படியே இருக்கட்டும். கால் ஊன்ற முடியாதவரை வாளியால் அள்ளி ஊற்றும் ஈரத் தரையில் நிறுத்தினால் இடுப்பெலும்பு முறியும்.

எண்ணெயே பூசக்கூடாதா என்று கேட்பீர்கள். பூசலாம், ஆனால் விடுதி வைத்தியரிடம் கேட்ட பிறகு, தோலில் புண்ணோ கொப்புளமோ இல்லாத இடத்தில், அழுத்தாமல், சூடாக்காமல் பூச வேண்டும். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. ஒத்தடத்தில் தோல் வெந்த பிறகே நீங்கள் காண்பீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்தால், அந்தக் காலைத் தொட்டுத் தேய்க்கவே கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது கழன்று சுவாசப்பைக்குப் போய்விடலாம். அப்படியானால் எண்ணெய் போத்தலை வைத்துவிட்டு உடனே தாதியிடம் சொல்லுங்கள். சுருக்கமாக, எண்ணெய் தோலுக்கு நல்லது, நரம்பை அது எழுப்பாது. பட்டம் பெற்ற சித்த வைத்தியர்களை நான் இதில் சேர்க்கவில்லை. உங்கள் ஊர்ப்பக்கம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில், சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அப்படிப் படித்த ஒருவரிடம் பின்னர் ஆலோசனை கேட்பது வேறு விடயம்.

இந்த எண்ணெய்க்காரர்களுக்கு வாசலைத் திறந்துவைத்தது நமது ஒழுங்குமுறைதான் என்பதையும் சொல்லவேண்டும். பாரிசவாத நோயாளியைக் கையாளப் பழகிய தாதிக்கு, பழகி முடியும் தறுவாயில் இடமாற்றக் கடிதம் வந்துவிடுகிறது. புனர்வாழ்வுக்கென்றே ராகமவில் வைத்தியசாலை இருக்கிறது. நிலாவெளிக் குடும்பம் கம்பஹா மாவட்டத்தில் வாரக்கணக்கில் யாரை நிறுத்திவைக்கும்? வீட்டுக்குப் போகும்போது கையில் தரும் டயக்னோசிஸ் காட், அதாவது நோய் விபர அட்டை, ஆங்கிலத்தில் இருக்கும். அதை வாசித்து விளங்கப்படுத்த ஆளில்லாத வீட்டில், தமிழில் இனிமையாகப் பேசும் எண்ணெய்க்காரர் வைத்தியராகிவிடுகிறார்.

ஆகவே பார்வை நேரத்தை அழுது தீர்க்காமல், விடுதிப் பொறுப்புத் தாதியிடம் வீட்டில் செய்யவேண்டியவற்றைப் பழக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். வேலை நெருக்கத்தில் ஒருநாள் சினந்தால் அடுத்த நாளும் கேளுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு நீங்களே மாற்றிப் பழகுங்கள். குளிசைகளின் பெயரையும் நேரத்தையும் அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் எப்போது எடுப்பார்கள் என்றும், கிளினிக் எந்த நாள் என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டு மலசலகூடம் குந்தியிருக்கும் வகை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் துவாரமிட்ட கதிரையும் சுவரில் இடக்கைக்கு எட்டும் ஒரு பிடியும் அப்பா வீட்டுக்கு வருமுன் தயாராக வேண்டும்.